திரைக்குப் பின்னால் இருந்து படித்த பெண்
டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கை

புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம். அங்கே 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி அய்யர் பெரிய படிப்பாளி. மகாராஜா கல்லூரியின் தலைவராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், கோவிலுக்குப் பொட்டுக் கட்டும் மரபில் வந்தவர். இந்தப் பிறப்பைச் சொல்லிச் சொல்லியே ஊர் அந்தப் பெண்ணைக் குத்திக் காட்டியது.

அந்தக் காலத்தில் பெண்கள் பெரியவர்களானதும் பள்ளிக்கூடம் நின்றுவிடும். முத்துலட்சுமிக்கும் அப்படித்தான். மகளுக்குச் சீக்கிரம் கல்யாணம் செய்துவிட வேண்டும் என்பது தாயின் கவலை. தந்தையோ வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். மகள் மெட்ரிகுலேஷன் தேறினாள்!

அடுத்தது கல்லூரி. ஊரில் இருந்ததோ ஆண்கள் கல்லூரி. பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவதாகப் பயமுறுத்தினார்கள். விஷயம் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானிடம் போயிற்று. சேர்த்துக்கொள்ளும்படி மன்னர் உத்தரவு போட்டார்.

சேர்ந்தாயிற்று. ஆனால் வகுப்பில் அவருக்கும் மாணவர்களுக்கும் நடுவே ஒரு திரை! திரைக்கு இந்தப் பக்கம் அவர் ஒருவரே. கூடப் படிக்கத் தோழி கிடையாது. போதாததற்கு ஆஸ்துமா நோய். கண் பார்வையும் மங்கல். இத்தனையோடும் பரீட்சையில் தேறினார். திரை போட்டவர்கள் என்ன நினைத்தார்களோ!

சென்னைக்குப் பயணம்

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிரேதத்தை அறுத்துப் படிக்கும் படிப்பு பெண்ணுக்கு எதற்கு என்று உலகம் கேட்ட காலம் அது. 1912-ல் பல பரிசுகளுடன் டாக்டராக வெளிவந்தார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பது மணப்பெண் போட்ட நிபந்தனை. மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார்.

1923-ல் பேரிடி விழுந்தது. அன்புத் தங்கை புற்றுநோயால் இறந்தார். டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துயரம் அம்மையாரை விடவில்லை.

கடல் கடந்து

1925-ல் அரசாங்க உதவியுடன் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். வயது முப்பத்தொன்பது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அந்த வயதில் மறுபடியும் மாணவி! பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றி அங்கே படித்தார். புற்றுநோய்ச் சிகிச்சையையும் கவனித்து அறிந்தார். 1926-ல் பாரிஸ் நகரில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டில் இந்தியப் பெண்களின் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார்.

திரும்பி வந்ததும் சென்னை சட்டசபை உறுப்பினரானார். துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சபையில் போராடினார். அது தம் தாய் பிறந்த குலத்தின் கண்ணீர் என்பதை அவர் அறிவார். முழுத் தடைச் சட்டம் 1947-ல்தான் வந்தது. இதற்கிடையில், அந்த வழக்கத்திலிருந்து தப்பி வந்து தங்க இடமில்லாமல் தவித்த பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார்.

தங்கையையும் அவர் மறக்கவில்லை. புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று பணம் திரட்டினார். தீராத நோய்க்கு ஏன் செலவு என்று கேட்டவர்கள் உண்டு. 1952-ல் அடையாற்றில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதைக் கட்டி வளர்த்தார்.

1956-ல் இந்திய அரசு பத்மபூஷண் விருது அளித்தது. 1968 ஜூலை 22-ந் தேதி அம்மையார் காலமானார். அவர் திரைக்குப் பின்னால் படித்த கல்லூரி புதுக்கோட்டையில் மன்னர் கல்லூரி என்ற பெயருடன் நடக்கிறது. மாணவிகளும் அங்கே படிக்கிறார்கள்.