ஒரு பைசாத் தமிழனும் அயோத்திதாசப் பண்டிதரும்

தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிற் கற்களில் தமிழெழுத்துகள் பொறிக்கப்பெற்றுப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. தமிழர் இம்மண்ணுக்கு நேற்று வந்தவரல்லர் என்பதற்கு அவை போதிய சான்று. ஆயினும் கல்லில் பெயர் பெறாது வந்தோரே மிகப் பலர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தண்டுப் பகுதியில் பட்டாளத்தார்க்கு ஊழியம் புரியவும், கோலார்த் தங்கச் சுரங்கத்தில் இறங்கவும் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களினின்று குடும்பங்குடும்பமாக வந்தோருள் பெரும்பாலோர், பிறந்த ஊரில் பொதுக்கிணற்றில் நீர் மொள்ளவும் உரிமையற்றிருந்தவர்கள். அன்னாரிடையே ஓர் இதழையும் ஓர் அறநெறியையும் பரப்பிய பெரியார் ஒருவரின் வரலாற்றை நம் ஆண்டு மலரில் எழுதுவது பொருத்தமே எனக் கருதுகின்றோம்.

அயோத்திதாசர் 1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த ஆசிரியரின் பெயரைத் தம் பெயராக ஏற்றுக்கொண்டார். அக்காலத்து மாணவர்க்கு ஆசிரியர்பால் இருந்த அன்பு அத்தகையது. அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் வெள்ளைக்கார அதிகாரியின் இல்லத்தில் பணிபுரிந்தவர். அவர் தம்மிடமிருந்த திருக்குறள் ஏட்டுச் சுவடியைக் கொடுத்துதவ, அது எல்லிஸ் துரையின் கைக்குச் சேர்ந்தது. தீண்டத்தகாதது என்று ஊரார் ஒதுக்கிய ஒரு வீட்டில் குறள் ஏடு பேணப்பட்டிருந்தது என்பதை நாம் எளிதிற் கடந்து செல்லுதல் கூடாது. பிற்காலத்தில் பண்டிதர் எழுப்பிய வினாக்கள் பலவற்றுக்கும் வித்து அங்கேதான் இருந்தது.

இளமையில் நீலகிரியில் வாழ்ந்தார். அங்கே அத்வைதானந்த சபையை நிறுவினார். 1891இல் திராவிட மகாஜன சபை அவர் முயற்சியால் உருப்பெற்றது. அடுத்த ஆண்டு சென்னையில் கூடிய மகாஜன சபைக் கூட்டத்திற்கு நீலகிரியின் சார்பில் சென்றார். தம் மக்களுக்கு ஆலயங்களில் இடமுண்டா என்று அவர் கேட்ட மாத்திரத்தில் அவையில் பெருங்கூச்சல் எழுந்தது. சிவனும் திருமாலும் அவர்களுக்கு உரியரல்லர், காட்டேரியும் கருப்பண்ணனுமே போதும் என்று தஞ்சையிலிருந்து வந்த சாஸ்திரியார் ஒருவர் விடையிறுத்தார். அங்ஙனமாயின் அச்சாமிகள் எமக்கு வேண்டா, பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும் குடிகளுக்குத் தரிசு நிலமும் தாருங்கள் என்று பண்டிதர் கேட்டார். வெகுண்டெழுந்து வெளியேறியிருப்பின் அன்றைய செய்தி அத்துடன் முடிந்திருக்கும். அவர் கோரிக்கையை மாற்றி, நிலத்தையும் பள்ளியையும் கேட்டாரே, அதில்தான் சீர்திருத்தக்காரரின் மதியூகத்தைக் காண்கின்றோம்.

கோயிற் கதவு அடைக்கப்பட்டமையால் வேறொரு வாயிலைத் தேடினார். 1898இல் பஞ்சமர் பள்ளித் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமியாருடன் கர்னல் ஆல்காட்டைக் கண்டு, அவர் துணையால் இலங்கை சென்று, கொழும்பில் சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். தாம் புதுச் சமயம் புகுந்ததாக அவர் சொல்லவில்லை. தம் மக்கள் பண்டே பௌத்தர் என்பதும், சாதி வேற்றுமையை ஏற்க மறுத்தமையால் தாழ்த்தப்பட்டனர் என்பதும் அவர் கொள்கை. தீபாவளியையும், எள்ளிலிருந்து நெய் வடித்து முழுகக் கற்ற நாளாக விளக்கினார். இவ்விளக்கங்கள் யாவும் இன்றைய வரலாற்று ஆய்வுக்கு முன் நிற்குமென்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் இழிபிறப்பினர் என்றே கேட்டுப் பழகிய செவிகளுக்கு, நீவிர் கற்றோர் வழியினர் என்ற சொல் எவ்வளவு மருந்தாயிருந்திருக்கும்!

1907ஆம் ஆண்டு ஜூன் 19, புதன்கிழமை, ஒரு பைசாத் தமிழன் வெளிவந்தது. விலை பெயரிலேயே இருந்தது. மறு ஆண்டு தமிழன் எனப் பெயர் சுருங்கிற்று. வாரந்தோறும் வருவது நிற்கவில்லை. அரசியல், மருத்துவம், இலக்கியம், பெண்கல்வி, கைம்பெண் மறுமணம், விளைச்சல் யாவும் அதில் இடம்பெற்றன. சுதேசிக் கிளர்ச்சி மும்முரமாயிருந்த நாள்களில், சுயராச்சியம் வந்தால் கிணறு எமக்குத் திறக்குமா என்னும் வினாவை அவ்விதழ் விடாது எழுப்பிற்று. ஆங்கில ஆட்சியின்மீது பண்டிதர் வைத்த நம்பிக்கை மிகையானதே. ஆயினும் அவ்வினா தவறானதன்று.

சென்னையில் அச்சான இதழ் தபாலில் பெங்களூருக்கும் கோலார் வயலுக்கும் இரங்கூனுக்கும் சென்றது. பெங்களூரிலும் மாரிக்குப்பத்திலும் சங்கக் கிளைகள் தோன்றின. சீர்திருத்தம் ஏன் பிறந்த கிராமத்தினும் இங்கே விரைந்து வேர் கொண்டது? கிராமத்தில் வீட்டுமனையும் வேலையும் கூலி நெல்லும் ஒரே ஆண்டையின் கையில் இருந்தன. அவர் முகஞ் சுளித்தால் அடுப்பு எரியாது. சுரங்கத்திலோ கூலி ரொக்கமாகக் கிடைத்தது; அதைக் கொண்டு இதழ் வாங்கலாம், சந்தா கட்டலாம், கூடிப் பேசலாம். சுரங்கம் துறக்கமென்று எவரும் எண்ணவேண்டா. பாறை வெடித்து மாண்டோரும், தூசு படிந்து நுரையீரல் கெட்டோரும் எண்ணிறந்தோர். எனினும் திருமணத்தைப் புரோகிதரின்றிப் பஞ்சசீலம் ஓதி நடத்தவும், வைசாக நாளைக் கொண்டாடவும், ஞாயிறுதோறும் சொற்பொழிவு கேட்கவும் அங்கே ஒருவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. கொள்கை எத்துணை உயர்ந்ததாயினும், அதனைக் கைக்கொள்வோன் மறுநாள் உண்பதற்கு வழி இருந்தால்தான் அது வாழ்க்கையாக மாறும்.

1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். மகனார் பட்டாபிராமன் இதழைச் சிறிது காலம் நடத்தினார்; பின்னர் அது நின்றுபோயிற்று. 1926இல் அதற்கு மறுபிறப்பளித்தவர் கோலார்த் தங்கவயலைச் சேர்ந்த ஜி. அப்பாதுரையார். இராயப்பேட்டையில் பிறந்த தமிழன், மைசூர்ச் சீமையில் உயிர்த்தெழுந்தான். சாம்பியன் ரீப்சில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களைப் பதிப்பித்தது. அப்பாதுரையார் சுயமரியாதை இயக்கத்தோடும் தொடர்பு கொண்டார். பண்டிதரின் சங்கத்திற் பணியாற்றிய பேராசிரியர் இலட்சுமி நரசு 1907இல் பௌத்தம் பற்றி எழுதிய ஆங்கில நூலை, அண்ணல் அம்பேத்கர் 1948இல் தம் முன்னுரையுடன் மறுபதிப்புச் செய்தார். அண்ணல் நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956இல். பண்டிதர் கொழும்பு சென்று ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்.

எனினும் தமிழகம் பண்டிதரை நெடுங்காலம் மறந்திருந்தது. தமிழன் இதழின் பழுத்த தாள்கள் தொகுக்கப்பெற்று நூல்வடிவில் வெளிவந்தது 1999இல்தான். அஞ்சல்தலை 2005இல் வந்தது. அந்நாள்வரை அவ்விதழ்களைப் பெட்டிகளில் காத்து வைத்தோருள் சுரங்கத் தொழிலாளரின் குடும்பத்தாரும் உண்டு. சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. வேலையிழந்த குடும்பங்களின் பிள்ளைகள், விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்கு வந்து வேலை பார்த்து, இரவில் வீடு திரும்புகின்றனர்.