புழுவில் புதுமை கண்ட பெண்மணி

மழைக்கால மாலையில் விளக்கைச் சுற்றும் விட்டில் பூச்சியைக் கண்டதும் நாம் துடைப்பத்தைத் தேடுகிறோம். அத்தகைய பூச்சிகளின் வாழ்வை ஆராய்வதற்கே தம் வாழ்நாளை ஈந்தவர் மரியா சிபில்லா மெரியன் அம்மையார்.

ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் 1647-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் அவர் பிறந்தார். மூன்று வயதில் தந்தையை இழந்தார். வளர்ப்புத் தந்தையான ஓவியர் யாகோப் மாரெல், மலர்களை வரைய அவருக்குக் கற்பித்தார். பதின்மூன்றாம் வயதில் மரியா பட்டுப்புழுக்களை வளர்க்கத் தொடங்கினார்.

பூச்சிகள் சேற்றிலும் அழுகலிலும் தாமே தோன்றுகின்றன என்று பலரும் நம்பிய காலம் அது. மரியாவோ முட்டை புழுவாகி, புழு கூட்டுப்புழுவாகி, அதிலிருந்து இறகு முளைத்த பூச்சி வெளிவருவதைப் பொறுமையுடன் கவனித்துக் குறித்து வைத்தார். 1679-இல் அவருடைய முதல் புழு நூல் 50 படங்களுடன் வெளிவந்தது. ஒவ்வொரு புழுவையும் அது உண்ணும் செடியுடன் சேர்த்தே வரைந்தது அந்நாளில் புதுமை. அதில் விளங்கும் பெருமை தமக்கன்று, படைத்த இறைவனுக்கே உரியது என்று அவர் எண்ணினார்.

1699-இல், 52-ஆம் வயதில், தம் ஓவியங்களை விற்றுப் பணம் திரட்டி, இளைய மகள் டொரோதியாவுடன் தென் அமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறினார். அங்குள்ள காடுகளில் பூச்சிகளைத் தேடினார். அடிமைப் பெண்களிடம் செடிகளின் பயனைக் கேட்டறிந்தார். நம் தோட்டங்களில் பூக்கும் மயில்கொன்றையின் படத்துக்குரிய குறிப்பில், அப்பெண்கள் எசமானரிடம் பட்ட துன்பத்தையும் மறைக்காமல் எழுதினார். கடும் நோய் தாக்கவே 1701-இல் ஆம்ஸ்டர்டாம் திரும்பினார். 1705-இல் 60 படங்களுடன் சூரினாம் பூச்சிகளைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார்.

அதில் பறவையைத் தின்னும் பெரிய சிலந்தி ஒன்றை வரைந்திருந்தார். 1717-இல் அவர் மறைந்த பின்னர், அது வெறுங்கற்பனை என்று சிலர் எள்ளி நகையாடினர். ஆனால் ஆங்கில இயற்கையறிஞர் பேட்ஸ், அமேசான் காட்டில் அத்தகைய சிலந்தியிடம் பறவைகள் சிக்கியிருந்ததைத் தாமே கண்டு, 1863-இல் வெளியான தம் நூலில் எழுதினார். அம்மையாரின் வாய்மை அப்போது விளங்கிற்று.

பல்கலைக்கழகத்தின் கதவு பெண்களுக்கு அடைபட்டிருந்த காலத்தில், கூர்ந்து நோக்கும் கண்ணையும் பொறுமையையுமே துணையாகக் கொண்டு அவர் இவ்வளவும் சாதித்தார். அன்புத் தோழியரே! இன்றிரவு விளக்கருகே ஒரு விட்டில் வந்தால், துடைப்பத்தை எடுக்குமுன் சற்று நின்று அதன் இறகைப் பாருங்கள்.