எமில் ஹான்சன்: ஒரே ஒரு யீஸ்ட் செல்லை வைத்து லாகர் பீரைக் காப்பாற்றிய பெயின்டர் மகன்!

நேற்று தோசை மாவு நல்லா பொங்கிச்சு. இன்னைக்கும் அதே அரிசி, அதே உளுந்துதான், ஆனா ஒரு மாதிரி வாடை அடிக்குது. ஆரணி பக்கம் தேசூரில் எந்த வீட்டில் கேட்டாலும் ஒருநாளாவது இப்படி நடந்திருக்கும். மாவு என்றால் கொட்டிவிட்டு வேறு அரைத்துக்கொள்ளலாம். ஊரறிந்த ஒரு பீர் ஆலையில் பீப்பாய் பீப்பாயாக இப்படிக் கெட்டுப்போனால் என்ன செய்வது?

1883-ல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் அதுதான் நடந்தது. அதைச் சரிசெய்தவர் எமில் கிறிஸ்டியன் ஹான்சன். இன்று வெளிநாடுகளில் வீட்டிலேயே முதல்முறை லாகர் காய்ச்சிப் பார்ப்பவர்கள் பொட்டலத்தைக் கிழித்து யீஸ்ட்டைப் போடுகிறார்கள் இல்லையா? அந்தப் பொட்டலத்துக்குள் ஒரே ரக யீஸ்ட் மட்டும் இருப்பது இவரால்தான்.

யார் இந்த ஹான்சன்?

1842 மே 8-ம் தேதி, டென்மார்க்கின் ரிபே என்ற பழைய ஊரில் பிறந்தார். அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். வசதி கிடையாது. ஹான்சனும் பிரஷ்ஷைக் கையில் எடுத்து அதே வேலைக்குப் போனார். படிப்பு ஆசை மட்டும் விடவில்லை. கதைகள் எழுதி வந்த பணத்தில் படித்தார். பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான தேர்வில் தேறும்போது வயது 29.

1876-ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. எதற்குத் தெரியுமா? சாணத்தில் முளைக்கும் காளான்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு! அதே ஆண்டில் நண்பர் ஒருவருடன் சேர்ந்து டார்வினின் 'பீகிள்' கப்பல் பயண நூலை டேனிஷ் மொழிக்குக் கொண்டுவந்தார். இந்தப் புத்தகத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் மறுபடி வரும்.

லாகர் ஏன் இவ்வளவு அடம்பிடிக்கிறது?

பார்லியை முளைகட்டி, காயவைத்து, வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பான சாறு கிடைக்கும். அதில் ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் யீஸ்ட் சேர்த்தால் அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் தரும். பீர் என்றால் இவ்வளவுதான்.

ஏல் எனப்படும் பழைய வகை பீருக்கு 20 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருந்தால் போதும், சில நாளில் வேலை முடிந்துவிடும். லாகர் அப்படியில்லை. சுமார் 8 முதல் 12 டிகிரி குளிரில் மெதுவாக நொதிக்கவேண்டும். அது முடிந்ததும் கிட்டத்தட்ட உறையும் குளிரில் வாரக்கணக்கில் சும்மா கிடக்கவேண்டும். லாகர் என்ற பெயரே சேமித்து வைப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

பீர் தெளிவது அந்தக் குளிரில்தான். வேலை முடித்த யீஸ்ட் ஒன்றோடொன்று ஒட்டி, கனத்து, அடியில் வண்டலாகப் படியும். அவசரப்படுகிறவர்கள் ஜெலட்டினோ, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு வகைப் பசையோ சேர்ப்பார்கள். பொறுமை உள்ளவர்களுக்குக் குளிரே போதும். பிறகு வண்டலைக் கலக்காமல், காற்றுப் படாமல் கெக் எனப்படும் உலோக உருளைக்கு மாற்றி, கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தில் வைக்கவேண்டும். இந்த இடத்தில் ஆக்சிஜன் உள்ளே புகுந்தால் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு சுவை வந்துவிடும்.

இத்தனையும் சரியாகச் செய்தும் பீர் கெட்டுப்போகலாம். ஹான்சன் காலத்தில் யாருக்கும் பிடிபடாத புதிர் இதுதான்.

தொப்பிக்குள் வந்த யீஸ்ட்

கார்ல்ஸ்பெர்க்கைத் தொடங்கியவர் ஜே.சி. ஜேக்கப்சன். 1845-ல் ஜெர்மனியின் மியூனிக்கில் இருந்த ஸ்பாட்டன் ஆலையில் லாகர் யீஸ்ட்டை வாங்கிக்கொண்டு குதிரை வண்டியில் ஊர் திரும்பினார். வண்டி நின்ற இடத்திலெல்லாம் பாத்திரத்தின் மேல் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தாராம். தன் உயரமான தொப்பிக்குள் வைத்துக் காத்தார் என்றும் ஒரு கதை உண்டு. 1847-ல் பிறந்த கார்ல்ஸ்பெர்க் இந்த யீஸ்ட்டில்தான் வளர்ந்தது. 1875-ல் அவர் ஒரு ஆய்வுக்கூடத்தையும் அமைத்தார். அங்கே கண்டுபிடிக்கப்படும் முக்கியமான எதையும் ரகசியமாக வைக்கக்கூடாது என்பது அதன் விதி. ஒரு முதலாளி இப்படி எழுதிவைப்பது அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, அபூர்வம்.

பீர் ஆராய்ச்சிக்காக ஹான்சன் அங்கே வந்தார். 1879 வாக்கில் உடலியல் பிரிவின் தலைவரானார்.

ஒரு செல்லைப் பிடிப்பது எப்படி?

பீர் கெட்டால் பாக்டீரியாதான் காரணம் என்று அன்று பலரும் நம்பினார்கள். 1876-ல் பீர் பற்றிய நூலில் லூயி பாஸ்டர் காட்டிய வழி அது, ஜேக்கப்சனுக்கோ பாஸ்டர் மீது பெரிய மதிப்பு. ஹான்சனின் சந்தேகம் வேறு மாதிரி. பாக்டீரியா மட்டுமில்லை, யீஸ்ட்டே யீஸ்ட்டைக் கெடுக்கலாமே? ஆலையில் இருப்பது ஒரே யீஸ்ட் என்று நினைக்கிறோம், அது நாலு ரகம் கலந்த கூட்டமாக இருந்தால்?

பட்டு நெய்கிறவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு புடவைக்கான நூலில் வேறு சட்டியில் சாயம் போட்ட நூல் கொஞ்சம் கலந்தாலும், தறியிலிருந்து இறக்கும்போது பட்டை அடித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஹான்சன் யீஸ்ட்டைத் தண்ணீரில் கலந்து, மைக்ராஸ்கோப்பில் செல்களை எண்ணினார். ஒரு சொட்டுக்கு ஒரு செல்கூடத் தேறாத அளவுக்கு நீர்த்துப்போகச் செய்தார். கிருமி நீக்கிய சாறு உள்ள பல குடுவைகளில் அதைப் பிரித்து ஊற்றிவிட்டு அசைக்காமல் வைத்தார். சில குடுவைகளில் ஒன்றுமே வளரவில்லை. சிலவற்றில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அப்படியென்றால் அது ஒரே செல்லின் வம்சம்! பிற்பாடு ஜெலட்டினில் ஒற்றைச் செல்லை வைத்து, அது பெருகுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வளர்க்கவும் செய்தார்.

1883-ல் கார்ல்ஸ்பெர்க் பீரில் கசப்பும் வாடையும் வந்தபோது ஆலையின் யீஸ்ட்டை இப்படிப் பிரித்தார். நாலு ரகம் கிடைத்தது. நல்ல பீர் தந்தது ஒன்றே ஒன்றுதான்.

ஜேக்கப்சன் முதலில் தயங்கினார். தயங்காமல் என்ன செய்வார்? மியூனிக்கிலிருந்து தன் கையால் கொண்டுவந்த யீஸ்ட்டைத் தூக்கி எறியச் சொல்கிறார் தன்னிடம் சம்பளம் வாங்கும் ஒருவர். ஆனாலும் சோதனைக்குச் சம்மதித்தார். 1883 நவம்பர் 12-ம் தேதி அந்த ஒற்றைச் செல்லின் வாரிசுகள் ஆலைக்குள் இறங்கின. பீர் தேறியது.

பேட்டன்ட் எடுத்து பூட்டி வைத்திருந்தால் கொள்ளைப் பணம் வந்திருக்கும். ஜேக்கப்சன் தன் விதியை மீறவில்லை. முறையை வெளியிட்டார்கள், கேட்ட மற்ற ஆலைகளுக்கு யீஸ்ட்டையும் இலவசமாகக் கொடுத்தார்கள். 1908-ல் ஹான்சன் அந்த யீஸ்ட்டுக்கு 'சாக்கரோமைசிஸ் கார்ல்ஸ்பெர்ஜென்சிஸ்' என்று பெயரிட்டார். 1909 ஆகஸ்ட் 27-ல் இறக்கும்வரை அதே ஆய்வுக்கூடத்தில்தான் இருந்தார்.

நம்ம ஊரில்?

குளிர்சாதனம் பரவாத காலத்தில் இந்தியாவில் ஆங்கிலேயர்கள் பீருக்காக மலையேறினார்கள். கசௌலி, மர்ரீ, நம்ம நீலகிரி எல்லாம் அப்படித்தான். 1915-ல் தாமஸ் லீஷ்மன் ஐந்து ஆலைகளைச் சேர்த்து யுனைடெட் புரூவரீஸை உருவாக்கியபோது, அதில் ஒன்று நீலகிரியின் காஸில் புரூவரி.

வீட்டில் காய்ச்சிப் பார்க்கலாமா என்று கேட்டால், தமிழ்நாட்டில் கூடாது. 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம்.

அந்த யீஸ்ட் எங்கிருந்து வந்தது?

லாகர் யீஸ்ட் ஒரு கலப்பினம். பிரெட்டுக்கும் ஏல் பீருக்கும் போடும் யீஸ்ட் அதன் ஒரு பெற்றோர். குளிர் தாங்கும் இன்னொரு பெற்றோர் யார் என்பது ரொம்ப காலம் தெரியவில்லை. ஹான்சன் இறந்து 102 ஆண்டுகள் கழித்து, 2011-ல்தான் விடை வந்தது. தென் அமெரிக்காவின் படகோனியா காடுகளில், பீச் மரக் கிளைகளில் உருண்டையாக முளைக்கும் ஒரு காளானில் அந்தக் காட்டு யீஸ்ட் இருந்தது. அந்தக் காளான் இனத்தைப் பற்றி, டியரா டெல் பியூகோ தீவு மக்கள் அதைப் பறித்துத் தின்பதைப் பற்றி, டார்வின் முன்பே எழுதியிருக்கிறார். எழுதியது எதில் தெரியுமா? 1876-ல் ஹான்சன் டேனிஷுக்குக் கொண்டுபோன அந்த 'பீகிள்' பயண நூலில்!