மன்னிப்பைப் பாடியவர்: கவிஞர் வில்லியம் கூப்பர்

பாவிகள் யாவர்க்கும் மன்னிப்பு உண்டு என்று பாடிய ஒரு கவிஞர், தமக்கு மட்டும் அது இல்லை என்று உறுதியாக நம்பி இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தார். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞராகிய வில்லியம் கூப்பரே அவர்.

இங்கிலாந்தின் பெர்க்காம்ஸ்டெட் என்னும் ஊரில் 1731ஆம் ஆண்டு, திருச்சபைக் குருவானவர் ஒருவரின் மகனாகக் கூப்பர் பிறந்தார். ஏறத்தாழ ஆறு வயதில் தாயை இழந்தார். சட்டம் பயின்றார், ஆயினும் வழக்காடும் துணிவு அவரிடம் இல்லை. 1763ஆம் ஆண்டு பிரபுக்கள் சபையில் எழுத்தர் பதவியொன்று அவருக்காகப் பேசப்பட்டது. அதற்குச் சபையின்முன் நின்று தேர்வு கொடுக்கவேண்டும் என்ற செய்தி வந்ததும் அச்சத்தால் நிலைகுலைந்தார். உயிரை விடவும் முயன்றார். அம்முயற்சியே மன்னிக்க முடியாத பாவமாக அவரை வாட்டியது.

செயின்ட் ஆல்பன்ஸ் நகரில், தாமும் கவிதை எழுதுபவரான மருத்துவர் நதானியேல் காட்டன் அவரைத் தம் மனநோய் விடுதியில் வைத்துப் பேணினார். 1764ஆம் ஆண்டு அங்கே ஒரு நாள், பவுல் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தைக் கூப்பர் வாசித்தார். மனிதன் செலுத்தவேண்டிய கடனைக் கிறிஸ்துவே செலுத்திவிட்டார் என்னும் செய்தி அவர் உள்ளத்தைத் திறந்தது. கண்ணீர் பெருகியது. அதுவே அவர்தம் மனந்திரும்புதல்.

பின்னர் மேரி அன்வின் என்னும் அம்மையாரின் குடும்பத்தோடு வாழ்ந்த அவர், 1767ஆம் ஆண்டு ஓல்னி என்னும் ஊருக்கு வந்தார். அவ்வூர்த் திருச்சபையின் குருவானவர் ஜான் நியூட்டன். அவர் முன்னாளில் ஆப்பிரிக்க மக்களை விலைப்பொருளாக ஏற்றிச்சென்ற கப்பலின் தலைவர். 1748ஆம் ஆண்டு நடுக்கடலில் பெரும் புயலில் சிக்கியபோது அதை இறைவனின் எச்சரிக்கை என உணர்ந்து திரும்பியவர். எனினும் அதன்பின்னும் 1754 வரை அத்தொழிலை விடாதவர். இவ்விருவரும் இணைந்து ஏழை எளியோர் பாடுதற்கென ஞானப்பாடல்கள் இயற்றினர். 1779ஆம் ஆண்டு வெளிவந்த ஓல்னித் தொகுப்பின் 348 பாடல்களுள் அறுபதுக்கும் மேற்பட்டவை கூப்பருடையவை.

ஆனால் அந்நூல் வெளிவருமுன்னரே கூப்பரின் வானம் இருண்டுவிட்டது. 1773ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு கனவிலே, தாம் அழிந்தார் என்ற தீர்ப்பைக் கேட்டதாக உணர்ந்தார். ஆபிரகாமிடம் ஈசாக்கைக் கேட்டதுபோல் இறைவன் தம் உயிரைப் பலியாகக் கேட்டதாகவும், அதைத் தாம் தரத் தவறியதாகவும் எண்ணினார். இன்றைய மருத்துவம் இதனைக் கொடிய மனச்சோர்வு நோய் என்றே கொள்ளும். அவரோ இதனை இறைத் தண்டனையென்று கொண்டார். அதன்பின் அவர் ஆலயத்துள் கால்வைக்கவில்லை. இறைவன் உளன், நீதியுடையவன், அருளாளன் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. அவ்வருள் தமக்குரியதன்று என்பதே அவர் துயரம்.

இங்கே நாம் நின்று எண்ணவேண்டும். பெரும் பாவம் செய்த நியூட்டன் மன்னிப்பை ஏற்றுக்கொண்டார். எறும்புக்கும் தீங்கு நினையாத கூப்பர் தம்மைத் தாமே தண்டித்துக்கொண்டார். நெஞ்சு உணரும் குற்றத்தின் அளவு, செய்த குற்றத்தின் அளவாக இருப்பதில்லை. இயேசுவை மறுதலித்த பேதுருவும் அழுதார். காட்டிக்கொடுத்த யூதாசும் வருந்தினார். திரும்பிவர வழியுண்டு என்ற நம்பிக்கை இருவரையும் பிரித்தது. தண்டனையை அஞ்சுவதோடு மனந்திரும்புதல் முடிந்துவிடுவதில்லை; அது வாழ்வில் கனியவேண்டும். நியூட்டனுக்கே அது கனிய நெடுங்காலம் ஆயிற்று. புயல் கடந்து நாற்பது ஆண்டுகளுக்குப்பின், 1788ஆம் ஆண்டிலேதான், அடிமை வணிகத்தின் கொடுமைகளையும் அதில் தம் பங்கையும் வெளிப்படையாக எழுதி நாணினார். அதே ஆண்டில் கூப்பரும் அடிமைகளின் குரலாகக் கவிதைகள் எழுதினார். தமக்கு விடுதலை இல்லை என்று நம்பியவர், பிறர் விடுதலைக்காகப் பாடினார்!

இருளிலும் அவர் கை ஓயவில்லை. முயற்குட்டிகளை வளர்த்தார், தோட்டம் பேணினார். தோழியொருவர் சாய்வு இருக்கையைப் பாடச் சொல்ல, அதிலே தொடங்கி ஆறு பகுதிகளாக விரிந்த நெடுங்கவிதையை 1785இல் வெளியிட்டார். எளிய சொல்லும் இயற்கை ஈடுபாடும் நிறைந்த அந்நூல், வோர்ட்ஸ்வொர்த் முதலிய அடுத்த தலைமுறையினர்க்கு வழிகாட்டிற்று. 1791இல் ஹோமரின் இரு காப்பியங்களையும் மொழிபெயர்த்து வெளியிட்டார்.

முப்பதாண்டு தாயெனப் பேணிய மேரி அன்வின் 1796இல் மறைந்தார். 1799இல், கப்பலினின்று அலையால் வீசப்பட்டு மூழ்கிய மாலுமி ஒருவனைப் பாடி, அவனினும் ஆழமான கடலில் தாம் அமிழ்வதாகக் கூறி முடித்தார். 1800 ஏப்ரல் 25ஆம் நாள் ஈஸ்ட் டெரம் என்னும் ஊரில் அவர் உயிர் பிரிந்தது.

அவருக்கு எட்டாத ஆறுதலை அவர் பாடல்கள் வழியே பெற்றோர் எண்ணற்றோர். தான் அருந்தாத நீரைப் பிறர்க்கு ஏந்தி நின்ற கைகள் அவை. அக்கைகளை இறைவன் தள்ளியிருப்பான் என்று நம்ப நம் நெஞ்சம் ஒருப்படவில்லை.