லியோ ஃபெண்டர்: வடிவு தந்தவர்

மின்கிடார் ஒன்றை நினைவிலிருந்து வரையுமாறு கேட்டால், இசையறியாதவரும் பெரும்பாலும் ஒரே வடிவையே வரைவர். கழுத்தின் இருபுறமும் கொம்புகள் போல நீண்ட இரு முனைகள், ஒடுங்கிய இடை, ஒருபுறமாகவே ஆறு முறுக்காணிகள் வரிசை கொண்ட தலை. 1954ஆம் ஆண்டில் ஸ்ட்ராடோகாஸ்டர் என்னும் பெயருடன் வெளிவந்த கருவியின் வடிவு அது. அதனை உலகுக்குத் தந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது; சுருதி கூட்டவும் தெரியாது. அவர் செய்த வடிவு காலப்போக்கில் ஊர்ப்பொதுவாயிற்று. அவருடைய பெயரோ பிறர் உடைமையாயிற்று. செல்வத்தில் அவருக்குக் குறையொன்றும் இல்லை. ஆயினும் ஒரு கைவினைஞன் தான் ஆக்கியவற்றுள் எதனைத் தனதென்று சொல்லலாம் என்ற வினா, அவர் வாழ்வைப் படிக்குந்தோறும் எழுகிறது.

கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர் 1909 ஆகஸ்டு 10ஆம் நாள் கலிபோர்னியாவில், அனஹைம், ஃபுல்லர்டன் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட ஆரஞ்சுத் தோட்டமொன்றில் பிறந்தார். எட்டு வயதில் கட்டி ஒன்றினால் இடக்கண்ணை இழந்தார். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் கண்ணாடிக் கண்ணுடனேயே நுண்வேலைகள் அனைத்தையும் செய்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. வாகன மின்பழுது பார்க்கும் மாமன் ஒருவர் அனுப்பிய பழைய உதிரிப் பாகங்களே வானொலித் தொழில்நுட்பத்தில் அவருக்கு ஆர்வமூட்டின. எனினும் கல்லூரியில் அவர் பயின்றது கணக்கியல். பொருளாதார மந்தக் காலத்தில் கணக்கர் வேலை பறிபோகவே, 1938இல் அறுநூறு டாலர் கடன் பெற்று, ஃபுல்லர்டனில் வானொலி பழுதுபார்க்கும் கடை திறந்தார்.

அக்கடைக்கு ஒலிபெருக்கிகளைத் தூக்கிக்கொண்டு வந்த ஊர்ப்புற இசைக்கலைஞர்களே அவருக்கு ஆசிரியர்கள். டாக் காஃப்மன் என்பவருடன் சேர்ந்து, தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பிக்அப் ஒன்றை உருவாக்கி, 1944இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதனைச் சோதிக்கவென்று செய்த முரட்டுக் கிடாரைக் கலைஞர்கள் வாடகைக்குக் கேட்டுவந்தனர். 1945இல் இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் தாங்கி ஒரு நிறுவனம் எழுந்தது. தொழிலின் எதிர்காலத்தை அஞ்சிய காஃப்மன் மறு ஆண்டே சிறு துளையிடும் எந்திரம் ஒன்றைப் பெற்றுக்கொண்டு விலகினார். பலகையில் ஃபெண்டர் என்ற பெயர் மட்டும் நின்றது.

1950இல் அவர் வெளியிட்ட கிடார் அந்நாளைய கருவியாளரை நகைக்கவைத்தது. அக்காலக் கிடார் உள்ளீடற்றது. வளைத்துச் செதுக்கிய முகப்புடையது. ஃபெண்டரின் கிடாரோ தட்டையான ஒற்றை மரப்பலகை. கழுத்து ஒட்டப்படாமல் திருகாணிகளால் பூட்டப்பட்டிருந்தது. பழுதானால் கழற்றி மாற்றிவிடலாம். வானொலி பழுதுபார்த்தவரின் மனம் இதில் தெரிகிறது. இரண்டு பிக்அப்கள் கொண்ட அக்கிடாருக்கு, விற்பனைப் பொறுப்பாளர் டான் ராண்டல், பிராட்காஸ்டர் என்று பெயரிட்டார்.

பெயரால் வந்த முதல் தொல்லை அதுவே. நியூயார்க்கின் கிரெட்ச் நிறுவனம், எழுத்து ஒன்று மட்டும் வேறுபட்ட அதே பெயரில் தாளமுரசுகள் விற்றுவந்தது. 1951 தொடக்கத்தில் அவர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. ஃபெண்டர் வழக்காடவில்லை. அச்சிட்டு வைத்திருந்த ஒட்டுப்படங்களை வீணாக்க மனமின்றி, கருவிப்பெயர் இருந்த பகுதியை மட்டும் கத்தரித்துவிட்டு, தம் பெயர் இருந்த பகுதியை ஒட்டி விற்பனை தொடர்ந்தார். பெயரற்ற அக்கிடார்களைச் சேகரிப்போர் பின்னாளில் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர்! விரைவில் டெலிகாஸ்டர் என்ற புதுப்பெயர் வந்தது. தொலைக்காட்சி புதுமையாக இருந்த காலம் அது.

ஸ்ட்ராடோகாஸ்டரின் உடல்வடிவு எவ்வாறு பிறந்தது என்பதே நம் பொருளுக்கு உயிர்நாடி. பிற்காலத்தார் அதனை அழகின் சின்னமாகக் கண்டனர். ஆனால் அதன் ஒவ்வொரு வளைவும் ஒரு குறைதீர்ப்பு. டெலிகாஸ்டரின் விளிம்பு விலாவில் குத்துகிறது என்று பில் கார்சன், ரெக்ஸ் காலியன் போன்ற கலைஞர்கள் முறையிட்டனர். ஆதலால் முதுகுப்புறம் வயிற்றுக்கு இசையக் குடையப்பட்டது, முகப்பு முழங்கை தங்குமிடத்தில் சரிக்கப்பட்டது. உச்ச சுரங்களைக் கை எட்டவேண்டும். ஆதலால் கழுத்தின் இருபுறமும் வெட்டு விழுந்தது. தோள்வாரில் தொங்கும்போது தலைகனத்துச் சாயலாகாது; ஆதலால் மேற்கொம்பு நீண்டது. இரு கொம்பு உடலை 1951இலேயே தம் பேஸ் கிடாரில் ஃபெண்டர் கையாண்டிருந்தார். புதிய கருவியின் கோடுகளை அவருடன் இருந்து வரைந்தவர் ஹவாயியில் பிறந்த இசைக்கலைஞர் ஃப்ரெடி டவாரெஸ். ஆக, அந்த வடிவு ஒருவர் கற்பனையில் பிறந்ததன்று. பலருடைய விலாவும் முழங்கையும் சொல்லிச் சொல்லித் திருத்திய வடிவு எனலாம்.

ஆறு முறுக்காணிகளும் ஒருபுறம் நிற்கும் தலைப்பலகையும் அவ்வாறே. கலிபோர்னியாவின் பால் பிக்ஸ்பி, மெர்ல் டிராவிஸ் என்னும் பாடகருக்காக 1948இல் செய்த கிடாரில் அது காணப்பட்டது. முந்தியவர் யார் என்ற பூசல் நெடுநாள் நடந்தது. குரோஷியர்களின் நாட்டுப்புற இசைக்கருவிகளில் அத்தகைய தலையைக் கண்டதாக ஃபெண்டர் விளக்கினார் என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வியன்னாவின் ஸ்டாஃபர் பட்டறையில் அவ்வரிசை உண்டு. தோண்டத் தோண்ட முன்னோர் தோன்றிக்கொண்டே இருக்கின்றனர்.

காப்புரிமையின் பயனை ஃபெண்டர் அறியாதவரல்லர். ஸ்ட்ராடோகாஸ்டரின் அதிர்வுப் பாலத்திற்கு 1956இல் காப்புரிமை பெற்றார். 1958இல் வந்த ஜாஸ்மாஸ்டர் கிடாரின் இடை, ஒருபுறம் முன்னும் மறுபுறம் பின்னுமாகத் தள்ளி அமைந்தது. அமர்ந்து வாசிப்போருக்கு அது வசதி. அவ்வமைப்புக்கு 1960இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் காப்புரிமை அந்நாளில் பதினேழு ஆண்டுக்கே உரியது. காலம் முடிந்தால் பொருள் பொதுவாகும். வணிகக்குறியோ, பயன்பாட்டில் உள்ளவரை காலவரையறை அற்றது. அதற்கு வேண்டுவது புதுமை அன்று. கண்டவுடன் இன்னார் செய்தது என வாங்குவோர் அறியவேண்டும் என்பதே. உடல்வடிவை அவ்வாறு குறியாகப் பதிவு செய்யும் எண்ணம் அப்பட்டறையில் அன்று எழவில்லை. குத்தாத விளிம்பே அவர்களுக்கு முதன்மை.

1960களில் தொண்டை, மூக்குப்புரைகளில் பற்றிய தொற்று ஃபெண்டரை வாட்டியது. பிழைப்பது அரிதென எண்ணி, நிறுவனத்தை 15 இலட்சம் டாலருக்கு ராண்டலுக்கே தர முன்வந்தார். ராண்டல் வெளியில் ஆள் தேடினார். 1965 சனவரியில் சி.பி.எஸ். ஒலிபரப்பு நிறுவனம் 1 கோடியே 30 இலட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. பிராட்காஸ்டர் என்ற பெயரை இழந்தவர் ஒலிபரப்பாளரிடமே தொழிலை விற்றது ஒரு வேடிக்கை. பட்டறையோடு ஃபெண்டர் என்ற பெயரும் போயிற்று. பத்தாண்டு போட்டித்தொழில் செய்யலாகாது என்பது நிபந்தனை. பின்னர் வேறொரு மருத்துவரின் சிகிச்சையால் நோய் முற்றிலும் நீங்கியது! உயிர் எஞ்சியது, உழைக்கும் வேட்கை எஞ்சியது, பெயர் மட்டும் கையில் இல்லை.

பழைய தோழர்கள் தொடங்கிய மியூசிக் மேன் நிறுவனத்திற்கு 1975இல் தலைவரானார். மறு ஆண்டு வந்த ஸ்டிங்ரே பேஸ் கிடாரின் தலையில் மூன்று முறுக்காணிகள் ஒருபுறமும் ஒன்று மறுபுறமுமாக நின்றன. உள்பூசலால் அவ்வுறவு முறிந்தது. ஊரின் பெயரையே தம் பெயரிலும் கொண்ட ஜார்ஜ் ஃபுல்லர்டன் 1948 முதல் உடனிருந்த நண்பர். அவருடன் சேர்ந்து, இருவர் முதற்பெயரின் முதலெழுத்துகளால் ஜி அண்டு எல் என்னும் நிறுவனத்தை நிறுவினார். மனைவி எஸ்தர் 1979இல் மறைந்தார். மறு ஆண்டு ஃபிலிஸ் என்பாரை மணந்தார்.

அவர் வாழ்வில் என்னை நெடிது நிறுத்திய நிகழ்ச்சி 1985இல் நடந்தது. டெலிகாஸ்டரை ஒத்த புதிய கிடார் ஒன்றைச் செய்து, 1951இல் கைவிட்ட பிராட்காஸ்டர் என்ற பழம்பெயரை அதற்குச் சூட்டினார். அதே ஆண்டில் சி.பி.எஸ். தன்னிடமிருந்த நிறுவனத்தை அதன் ஊழியர் குழுவுக்கு 1 கோடியே 25 இலட்சம் டாலருக்கு விற்றிருந்தது. அந்த ஃபெண்டர் நிறுவனம் எதிர்ப்புத் தெரிவித்தது. முதன்முறை அயலார் தடுத்த பெயரை, இம்முறை அவர் பெயர் தாங்கிய நிறுவனமே தடுத்தது. அவர் இம்முறையும் வழக்காடவில்லை. 1986இல் அக்கிடார் அசாட் என்று பெயர் மாறியது. சட்டத்தின்படி அந்நிறுவனம் செய்ததில் பிழை காண்பதற்கில்லை. விலை கொடுத்து வாங்கியது அது. ஆயினும் படிக்கும்போது மனம் சற்றே கனக்கத்தான் செய்கிறது.

பார்க்கின்சன் நோய் கையை நடுக்கியபோதும் அவர் பட்டறைக்குப் போவதை நிறுத்தவில்லை. 1991 மார்ச் 21ஆம் நாள் ஃபுல்லர்டனில் காலமானார். முதல்நாள் வரையிலும் வேலை செய்துகொண்டிருந்தார். மறு ஆண்டு ராக் இசைப் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

வடிவைப் பற்றிய வழக்கு அவர் இறந்தபின் வந்தது. தலைப்பலகை வடிவுகளை வணிகக்குறியாகப் பதிந்து வைத்திருந்த ஃபெண்டர் நிறுவனம், 2003இல் ஸ்ட்ராடோகாஸ்டர், டெலிகாஸ்டர், பிரிசிஷன் பேஸ் ஆகிய மூன்றின் உடல்வடிவையும் பதிவுசெய்ய விண்ணப்பித்தது. ஸ்டூவர்ட் ஸ்பெக்டர் முதலிய கருவியாளர் பலர் கூடி எதிர்த்தனர். 2009 மார்ச் 25ஆம் நாள் அமெரிக்க வணிகக்குறி மேல்முறையீட்டு வாரியம் விண்ணப்பத்தை மறுத்தது. பல பத்தாண்டுகளாகப் பலரும் அவ்வடிவில் கிடார் செய்து விற்றிருக்க, இன்னார் செய்தது என்பதை அவ்வடிவு உணர்த்தாது என்பது அதன் முடிவு. வெண்பா யாப்பு போல என்று நான் புரிந்துகொண்டேன். பாட்டுக்கு உரியவர் உண்டு, யாப்புக்கு இல்லை. வாரியம் காட்டிய சான்றுகளுள் ஒன்று ஆங்கில அகராதி. அதில் மின்கிடார் என்னும் சொல்லுக்குப் பொதுப்படமாக அச்சிடப்பட்டிருந்தது ஸ்ட்ராடோகாஸ்டரின் உருவம்.