நேதாஜி அறிவித்த போர்

பேராக் தோட்டப்புறங்களில் வளர்ந்த நம்மில் பலருக்கு நேதாஜி முதலில் ஒரு சுவர்ப்படமாகத்தான் அறிமுகமானார். சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் சீருடையுடன் நின்ற அவர், ஓர் அரசின் தலைவராக இருந்து இரண்டு வல்லரசுகள் மீது போர் அறிவித்தவர் என்பதை நான் பல்கலைக்கழகம் வந்த பிறகே படித்தறிந்தேன்.

1897 ஜனவரி 23ஆம் நாள் கட்டாக்கில் பிறந்த சுபாஷ் சந்திர போஸ், ஐ.சி.எஸ். தேர்வில் நான்காவதாகத் தேறியும் 1921இல் அப்பணியைத் துறந்தார். 1939இல் காந்தியடிகள் ஆதரித்த பட்டாபி சீதாராமையாவை வென்று இரண்டாம் முறை காங்கிரசுத் தலைவரானார். மூன்றே மாதங்களில் பதவி விலக நேர்ந்தது. தேர்தலில் வென்றும் அதிகாரம் கைக்கு எட்டாத அந்தக் கசப்புதான், பின்னாளில் எல்லாப் பொறுப்பையும் தம்மிடமே வைத்துக்கொள்ளச் செய்தது என்பது என் எண்ணம்.

1941இல் கல்கத்தாவிலிருந்து தப்பி காபூல் வழியாக பெர்லின் சேர்ந்தார். 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்தார். அக்டோபர் 21ஆம் நாள் கத்தே அரங்கில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அமைத்தார். அரசுத் தலைவர், பிரதமர், போர் அமைச்சர், வெளியுறவு அமைச்சர் எல்லாம் அவரே! 23ஆம் நாள் நள்ளிரவு கடந்த சில நிமிடங்களில் பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் போர் அறிவிக்கப்பட்டது.

அதே அமெரிக்காவில் அதிபர் ரூஸ்வெல்ட், 1941 டிசம்பர் 8ஆம் நாள் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றே ஜப்பானுடன் போரில் இறங்கினார். நேதாஜிக்கு அத்தகைய மன்றம் இல்லை. தேர்தல் நடத்த நாடே கையில் இல்லையே! அவருக்கு இருந்தது ஓர் அமைச்சரவையும், மலாயா முதல் பர்மா வரை வாழ்ந்த இந்தியர்களின் நம்பிக்கையும்தான்.

அந்த நம்பிக்கையில் பெரும்பங்கு பால்மரக் காடுகளிலிருந்து வந்தது. பால்வெட்டுக் கத்தி பிடித்த கைகள் துப்பாக்கி ஏந்தின. பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். நகைகளைக் கழற்றிக் கொடுத்தவர்களும் உண்டு. நாட்டுப்பற்று மட்டுமே காரணம் என்று மேடைகளில் பேசிவிடுகிறோம். இரப்பர் விலைபோகாமல் தோட்டங்கள் பட்டினி கிடந்த காலம் அது. சயாம் மரண இரயில் பாதைக்கு ஜப்பானியர் நம்மவர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். அதிலிருந்து தப்பவும் பலர் படையில் சேர்ந்தார்கள். அந்த ஜப்பான்தான் நேதாஜியின் கூட்டாளி. நம் மக்களின் பெயரால் போர் அறிவித்தவருக்கு, தண்டவாளத்தோரம் மடிந்தவர்களைக் காக்கும் கடமை இல்லையா? ஜப்பானியரைத் தடுக்கும் வலிமை அவருக்கு இருக்கவில்லை என்பதை ஏற்கிறேன். ஆனாலும் கேள்வி போகவில்லை.

1944இல் இம்பால் போர் பசியிலும் மலேரியாவிலும் தோல்வியில் முடிந்தது. 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, ஜான்சி ராணிப் படைப் பெண்களைத் தனியே விடாமல் அவர்களோடு நேதாஜியும் நடந்தார். இதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆகஸ்டு 18ஆம் நாள் தைவானில் விமான விபத்தில் அவர் உயிர் பிரிந்தது.

அவருடைய இயக்கத்தில் பணியாற்றிய பேராக்காரர் ஜான் திவி, 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசைத் தோற்றுவித்தார். படையிலிருந்து உயிரோடு திரும்பிய தோட்டத்து மக்கள் பலர் மறுபடியும் விடியற்காலையில் பால்வெட்டப் போனார்கள்.