வரலாற்றைப் படம்பிடித்த பெருமாட்டி: ஹோமாய் வியாரவாலா

கண்டாவளையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பழைய நிழற்படங்கள் உள்ள வீடுகள் மிகச் சில. 2008ஆம், 2009ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்து அலைந்த காலத்தே, உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடிய மக்கள், தாய் தந்தையரின் கலியாணப் படத்தையும், பிள்ளைகள் பள்ளிச் சீருடையில் நின்ற படத்தையும் விட்டுச் செல்லவேண்டியவராயினர். மீண்டு வந்து வீடு கட்டினோம், வயலை உழுதோம், தூர்ந்த கிணற்றைத் துப்புரவாக்கினோம். அப்படங்களை மட்டும் மீளப் பெற்றோமல்லோம். ஒரு படம் எத்துணை அரிய பொருள் என்பதை இழந்தவரே நன்கு அறிவர். ஆதலின், ஒரு தேசத்தின் பிறப்பைப் படம்பிடித்து, அப்படங்களைப் பேணியும் வைத்த ஒரு பெருமாட்டியின் வரலாற்றை இச்சிறப்பு மலரிலே கூறுதல் பொருத்தமுடையதாகும். அவரே இந்தியாவின் முதற் பெண் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் எனப் போற்றப்படும் ஹோமாய் வியாரவாலா அம்மையார்.

அம்மையார் 1913ஆம் ஆண்டு மார்கழி 9ஆம் திகதி, குஜராத்திலுள்ள நவசாரி என்னும் ஊரில், பார்சிக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் ஊரூராகச் செல்லும் நாடகக் குழு ஒன்றில் நடிகர். செல்வம் மிகுந்த குடும்பமன்று. பின்னர் பம்பாயில் வளர்ந்து, அங்குள்ள புகழ்பெற்ற ஜே. ஜே. கலைப் பள்ளியிற் பயின்றார். இளமையிலேயே அறிமுகமான மானெக்ஷா வியாரவாலா என்பாரே அவருக்குக் கமெராவைக் கையாளக் கற்பித்தவர். பிற்காலத்தில் அவரே அம்மையாரின் கணவருமாயினார்.

அம்மையாரின் முதற் படங்கள் பம்பாய்ப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தன. பெண்கள் சங்கத்தார் உல்லாசப் பயணம் சென்ற காட்சிகள் அவை. படம் ஒன்றுக்கு ஒரு ரூபா கூலி கிடைத்தது. ஆயினும் அக்காலத்தில் அவர் எடுத்த படங்கள் கணவரின் பெயரிலேயே வெளியாயின. பெண் ஒருத்தி எடுத்த படம் என்றால் மதிப்பாரில்லாத காலம் அது. பின்னர் டால்டா 13 என்னும் புனைபெயரையும் அவர் மேற்கொண்டார். தாம் பிறந்த ஆண்டிலும், கணவரைச் சந்தித்த வயதிலும், தமது மோட்டார் வண்டியின் இலக்கத்திலும் 13 என்னும் எண் அமைந்திருந்தமையே அப்பெயருக்குக் காரணம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942ஆம் ஆண்டிலே, பிரித்தானிய தகவற் சேவையிற் பணிபுரியும் பொருட்டு வியாரவாலா தம்பதியர் டில்லிக்குச் சென்றனர். சேலை உடுத்து, பாரமான கருவிகளைச் சுமந்து, துவிச்சக்கர வண்டியிலே தலைநகரின் வீதிகளிற் சென்ற அம்மையாரைக் கண்டோர் வியந்தனர். சிலர் பொருட்படுத்தாதும் விட்டனர். பெண்தானே என்று பிறர் அசட்டை செய்தமையே அவருக்கு வாய்ப்பாயிற்று. ஏனையோர் தடுக்கப்பட்ட இடங்களிலும் அவர் அமைதியாக நின்று படமெடுத்தார்.

அக்காலத்துப் பத்திரிகைக் கமெரா இக்காலத்துக் கைத்தொலைபேசி போன்றதன்று. தனித்தனித் தகடாகப் படச்சுருளை மாற்றல் வேண்டும். ஒளி பாய்ச்சும் குமிழ் ஒருமுறை எரிந்தால் அவ்வளவே, அடுத்த படத்துக்குப் புதிய குமிழைப் பொருத்தல் வேண்டும். ஆதலின் எக்கணத்தில் விசையை அழுத்துவது என்பதை முன்னரே உள்ளத்தில் தேர்ந்து கொள்ளல் இன்றியமையாதது. காத்திருக்கும் பொறுமையும், கணத்தை அறியும் நுண்மையும் அம்மையாரிடம் ஒருங்கே அமைந்திருந்தன.

1947ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், நாட்டைப் பிரிக்கும் திட்டத்துக்குக் காங்கிரசுத் தலைவர்கள் கையுயர்த்தி இசைவளித்த காட்சியை அவர் பதிவு செய்தார். அதே ஆண்டு ஆவணி 16ஆம் திகதி செங்கோட்டையில் முதன்முதலாகத் தேசியக் கொடி ஏறியதையும், அடுத்த ஆண்டு மவுண்ட்பேட்டன் பிரபு விடைபெற்றதையும் அவருடைய படங்களிற் காண்கின்றோம். 1956ஆம் ஆண்டில் தலாய் லாமா சிக்கிம் வழியாக இந்தியாவுக்கு வந்தபோது அம்மலை நாட்டுக்கே சென்று படமெடுத்தார். ஜவகர்லால் நேரு அவர் மிகவும் விரும்பிப் படமெடுத்த தலைவர். படம் பிடித்தல் தடைசெய்யப்பட்டுள்ளது என்ற பலகையின் அருகே, விமான நிலையத்தில் நேரு தம் தங்கையாராகிய விஜயலக்ஷ்மி பண்டிதரை வரவேற்கும் படம் இன்றும் காண்போரை முறுவலிக்கச் செய்யும்.

எனினும் அவர் எடுக்கத் தவறிய படமும் ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டு தை 30ஆம் திகதி மாலை காந்தியடிகளின் பிரார்த்தனைக் கூட்டத்துக்குச் செல்ல அவர் எண்ணியிருந்தார். ஆயின் அன்று செல்லவில்லை. அம்மாலையிலேயே அடிகள் சுட்டுக்கொல்லப்பட்டார். இறுதி யாத்திரையைப் படமெடுத்த அம்மையாருக்கு, அன்று செல்லாமை வாழ்நாள் முழுதும் மாறாத கவலையாயிற்று. ஒரு நாளைத் தவறவிட்டால் அது மீண்டும் வாராது என்பதை இத்தொழிலில் உள்ளோர் அனைவரும் உணர்வர்.

அந்நாளில் மார்கரெட் பூர்க்-வைற், கார்ட்டியே-பிரெசோன் முதலாய பிறநாட்டுப் பெருங்கலைஞரும் இந்தியாவுக்கு வந்து அழியாப் படங்களை எடுத்தனர். அவர்கள் வந்தார்கள், சென்றார்கள். அம்மையாரோ அம்மண்ணிலேயே வாழ்ந்து, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நாள்தோறும் நிகழ்ந்தவற்றைப் பதிவு செய்தார். பெருவிழாக்களுக்கு இடையேயுள்ள சாதாரண நாள்களும் அவர் படங்களில் வாழ்கின்றன. வந்து போவோரின் கண்ணுக்கும் உடன் வாழ்வோரின் கண்ணுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

1969ஆம் ஆண்டிற் கணவர் மறைந்தார். புதிதாக வந்த படப்பிடிப்பாளரிடையே ஒழுங்கும் கண்ணியமும் குன்றக் கண்டு மனம் வெறுத்த அம்மையார், 1970ஆம் ஆண்டளவிற் தொழிலைத் துறந்தார். அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் கமெராவைத் தொடவில்லை. 1989ஆம் ஆண்டில் ஒரே மகனையும் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, பரோடா நகரிற் சிறு வீடொன்றில், செடி கொடிகளை வளர்த்துத் தனியே வாழ்ந்தார். உலகம் அவரை மறந்தே போயிற்று எனலாம்.

ஆனால் அவர் பேணிய படங்கள் அவரை மறக்க விடவில்லை. ஆராய்ச்சியாளரான சபீனா கடிஹோக் அவரைத் தேடிச் சென்று, அவர் வாழ்வையும் படங்களையும் 2006ஆம் ஆண்டிலே நூலாக்கினார். அம்மையார் தம் தொகுதியை டில்லியிலுள்ள அல்காசி கலை அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். 2010ஆம் ஆண்டிற் பெருங் கண்காட்சி நிகழ்ந்தது. 2011ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மவிபூஷண் விருதளித்தது. 2012ஆம் ஆண்டு தை 15ஆம் திகதி, தமது 98ஆம் வயதில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். கணவரின் பெயருக்குப் பின்னே மறைந்து தொடங்கிய ஒருவரின் பெயர், இன்று கமெராவேந்தும் பெண்கள் பலருக்கு ஊக்கம் தரும் பெயராய் விளங்குகின்றது.

மாணவர்காள்! இன்று உங்கள் ஒவ்வொருவர் கையிலும் கமெரா உண்டு. நம்மூரின் துயரைப் படமெடுக்கப் பலர் வந்து போயினர். நம் சூடடிப்பையும், கோயிற் பொங்கலையும், பாட்டிமாரின் முகத்தையும் படமெடுக்க வேண்டியவர் நீங்களே. எடுத்த படத்தின் பின்புறம் பெயரும் திகதியும் எழுதுங்கள். ஒன்றை ஈரிடத்தில் வையுங்கள். பழைய மாணவர்காள்! பிற ஊர்களிலும் பிற நாடுகளிலும் உறவினர் வீடுகளில் எஞ்சியுள்ள நம்மூர்ப் படங்களைப் பிரதி செய்து கல்லூரிக்கு அனுப்புங்கள். இழந்தவற்றை முற்றாக மீட்டல் இயலாது. ஆயினும் எஞ்சியவற்றையேனும் காத்துக் கொடுத்தல் நம் கடன். அதுவே அம்மையாருக்கு நாம் செய்யத்தகும் அஞ்சலியுமாகும்.